காடு மழையைக் கூப்பிடுகிறதா? வன்னிக் குளங்களின் மேல்பக்கம் பற்றி

ஆடி, ஆவணி மாதங்களில் வன்னியில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தாலும் ஒரு பேச்சுக் காதில் விழும். "காட்டை வெட்டி முடிச்சாச்சு, இனி எங்கால மழை?" பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். "குளத்தை ஒழுங்காத் தூர்வாரினால் மழை குறைஞ்சாலும் சமாளிக்கலாம்" என்பார். மூன்றாமவர், "ஆளுக்கொரு மரம் நட்டால் எல்லாம் சரிவரும்" என்று முடித்துவைப்பார். கடையில் இருக்கிற எல்லோரும் தலையாட்டுவார்கள்.

மூன்று பேருமே ஊரில் அக்கறை உள்ளவர்கள். மூன்று பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் பாதியில் நிற்கின்றன. பாதி விளக்கத்தோடு வேலையில் இறங்கினால் காசும் உழைப்பும் தவறான இடத்தில் போய்க் கொட்டுப்படும். குளக்கட்டில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்த அதே கிழமையில், குளத்துக்கு மேலே காடு வெட்டுப்படுவதை யாரும் திரும்பிப் பார்க்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன். அந்த மேல்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விஞ்ஞானம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று அடியிலிருந்து தொடங்குகிறேன்.

வன்னிக்கு மழை எங்கிருந்து வருகிறது

இலங்கையில் ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியை உலர் வலயம் என்கிறோம். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் எல்லாம் அதற்குள் அடங்கும். எங்களுக்குக் கிடைக்கிற மழையில் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை வாடைக்காற்றோடும், வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களோடும் வருவது. மேகம் கூடுவது கடலுக்கு மேலே, எங்களிடமிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி. மாங்குளத்துக் காடோ ஒட்டுசுட்டான் காடோ அதைக் கூப்பிடுவதில்லை.

மரங்களுக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். மரம் வேரால் உறிஞ்சும் நீரை இலையால் ஆவியாக வெளியே விடுகிறது. இதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். மிகப் பெரிய காடுகளில் இப்படிச் சேரும் ஈரம் மேகத்துக்கும் மழைக்கும் உதவும். ஆனால் ஒரு கிராமத்துக் காட்டை வெட்டியதால்தான் அந்த வருடம் மாரி பொய்த்தது என்று சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தவறான காரணம் காட்டுக்குத்தான் கெடுதல் செய்கிறது. காட்டை வெட்டிய அடுத்த வருடமே நல்ல மழை பெய்துவிட்டால் "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லிவிடுவார்கள். காட்டின் உண்மையான வேலை மழை விழுந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீட்டர் தண்ணீர். மாரியில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குப் புதுமை இல்லை. அப்படியானால் ஒரு ஏக்கரில் மட்டும் அன்றைக்கு விழுவது ஏறத்தாழ 2 இலட்சம் லீட்டர். 10,000 லீட்டர் பவுசர் என்றால் 20 பவுசர். வறட்சிக் காலத்தில் ஒரு பவுசருக்காக வாளியோடு றோட்டில் காத்து நின்றவர்களுக்கு அந்த 20 என்பது என்ன என்று தெரியும். அவ்வளவு தண்ணீரும் அன்றைக்கு எங்கே போகிறது? அடுத்த ஆவணியில் எங்கள் கிணற்றில் என்ன நிற்கும் என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

இவ்வளவும் சொன்னதன் சுருக்கம்: வன்னியின் பெருமழை கடலிலிருந்து வருகிறது. அதைக் காடு கொண்டுவருவதில்லை. வந்த மழையை என்ன செய்வது என்பதில்தான் காட்டின் பங்கு.

கிடுகுக் கூரையும் தகரக் கூரையும்

மீளக் குடியேறிய காலத்தில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை, குசினிக்குக் கிடுகுக் கூரை. மழை பெய்யும்போது தகரத்தின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மழை விட்டதும் தகரம் சட்டென்று அமைதியாகிவிடும், தாழ்வாரத்தில் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவுதான். குசினிப் பக்கம் அப்படி இல்லை. மழை விட்டு அரை மணித்தியாலம் கழிந்தும் கிடுகு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அம்மா அதற்குக் கீழே வாளியை அப்படியே விட்டுவைப்பார்.

இரண்டு கூரையிலும் விழுந்தது ஒரே மழை. ஒன்று வாங்கிய கையோடு விட்டெறிந்தது, மற்றது வைத்திருந்து மெல்ல விட்டது. காடு என்பது கிடுகுக் கூரை. வெட்டி வெளியாக்கி, டிப்பர் ஓடி இறுகின நிலம் தகரக் கூரை.

காட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மழைத்துளி முதலில் பாலை, வீரை, முதிரை இலைகளில் விழுகிறது. வேகம் தணிந்து கொப்பு வழியாகவும் அடிமரம் வழியாகவும் இறங்குகிறது. கீழே சருகு மெத்தை. அதற்கும் கீழே உக்கிப்போன வேர்கள் விட்டுச் சென்ற துளைகள், எறும்பும் கறையானும் மண்புழுவும் போட்ட வழிகள். தண்ணீர் இந்த வழிகளால் மண்ணுக்குள் இறங்குவதை ஊடுவடிதல் என்கிறோம். இறங்க வழியில்லாமல் நிலத்தின் மேலாலேயே ஓடுவது மேலோட்ட நீர். மழை விழுந்த இடத்தில் இந்த இரண்டில் எது கூட நடக்கிறது என்பதுதான் முழுக் கதையும்.

மூடியில்லாத மண்ணில் துளி நேரே வந்து அடிக்கிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து, பொடி தண்ணீரோடு போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். காய்ந்ததும் மேலே ஒரு பொருக்கு. வன்னியில் பரவலாக உள்ள செங்கபில மண்ணுக்கு இந்தக் குணம் மிக அதிகம். ஈரத்தில் காலில் அப்பும், கோடையில் மண்வெட்டி போட்டால் கை அதிரும். அடுத்த மழைக்கு அது தகரம்தான்.

நம்பாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். நான் ஒருநாள் இரண்டு வாளி தண்ணீரோடு போனேன். ஒரு வாளியைக் காட்டோரத்துப் பாலை மரத்தின் கீழ் ஊற்றினேன். வாளியை நிமிர்த்தி வைப்பதற்குள் தண்ணீரைக் காணவில்லை, சருகு மட்டும் கறுத்துக் கிடந்தது. மற்ற வாளியைப் பத்தடி தள்ளி டிப்பர் ஓடிய பாதையில் ஊற்றினேன். அது சில்லுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. முன்னால் சிவப்பு நுரையும் சிறு குச்சிகளும், பின்னால் தண்ணீர். பாதை திரும்பும் இடம் வரைக்கும் போய்த்தான் நின்றது. அது நின்ற இடத்தில் விரல் நகத்தளவு உயரத்துக்கு மெல்லிய செம்மண் படிந்திருந்தது. ஒரு வாளிக்கே அவ்வளவு மண்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். காடு தண்ணீரைச் செலவழிக்கவும் செய்கிறது. மரங்கள் குடிக்கின்றன. மேலே காட்டை வெட்டினால், முதல் சில வருடங்களுக்குக் குளத்துக்கு வரும் மொத்த நீர் கூடவும் கூடும், குளம் முன்னையைவிட வேகமாக நிரம்பும். "காடு போனபிறகுதான் குளம் கெதியாய் வான் பாயுது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். குளம் நிரம்பி மிஞ்சும் நீர் வெளியேறுவதைத்தான் வான் பாய்வது என்கிறோம். அவர் கண்டது உண்மை. ஆனால் பாருங்கள், மூன்று மாதத்தில் மெல்ல வரவேண்டிய தண்ணீர் மூன்று நாளில் வந்தால் குளம் அதை எங்கே வைத்துக்கொள்ளும்? கொள்ளளவுக்கு மேற்பட்டது வான் கதவால் பாய்ந்து கடலுக்குப் போகும். வரும்போது மண்ணையும் கொண்டுவரும். போகும்போது தண்ணீர் மட்டும் போகும், மண் குளத்திலேயே தங்கிவிடும். வயலுக்கும் கிணற்றுக்கும் உதவுவது அந்த மூன்று நாள் வெள்ளம் இல்லை. தை, மாசியிலும் ஓடையில் கசிந்துகொண்டிருக்கும் மெல்லிய நீரோட்டம்தான்.

மிகப் பெரிய மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது பெய்தது போன்ற மழைக்கு, நிலம் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். காடு அங்கே வெள்ளத்தைக் கொஞ்சம் தணிக்கும், பிந்தப்பண்ணும். சாதாரண வருடத்துச் சாதாரண மழையில்தான் அதன் பெறுமதி முழுதாகத் தெரியும்.

குளம் எங்கே தொடங்குகிறது

குளம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் குளக்கட்டைக் காட்டுவார்கள். குளிக்கப் போவதும், மீன் வாங்குவதும், காற்று வாங்குவதும் அங்கேதான். ஆனால் அது குளம் முடிகிற இடம்.

தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மழை பெய்யும்போது தறப்பாளின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து தண்ணீர் கட்டும். அந்தத் தண்ணீர் பள்ளத்துக்கு மேலே நேராக விழுந்த மழையா? இல்லை. தறப்பாளின் நான்கு பக்கத்திலும் விழுந்த மழை வழிந்து அங்கே சேர்ந்திருக்கிறது. ஒரு மூலையில் யாராவது மண்ணைக் கொட்டினாலும் அது நடுவுக்குத்தான் வரும். பள்ளம்தான் குளம். தறப்பாள் முழுவதும் நீரேந்து பகுதி. அதாவது, எந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் உங்கள் குளத்துக்கு வருகிறதோ, அந்த நிலம் முழுவதும்.

இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் கிளிநொச்சியில். அதை நிரப்புவது கனகராயன் ஆறு. அந்த ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து வருகிறது. வவுனிக்குளத்துக்குப் பாலியாறு. முத்தையன்கட்டுக்குப் பேராறு. மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு அருவி ஆறு. அந்த அருவி ஆறு அனுராதபுரத்தைக் கடந்து வந்து, தேக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுக் குளத்துக்குள் போகிறது. முருங்கனில் வயல் செய்பவருடைய தறப்பாளின் மூலை அவர் கண்ணால் காணாத ஊரில் இருக்கிறது.

சின்னக் குளங்களில் இது இன்னும் நெருக்கமானது. உலர் வலயத்துச் சிறு குளங்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். மேல் குளத்தின் வான் நீரும், அதன் வயலில் வடியும் நீரும் அடுத்த குளத்துக்குப் போகும். இதைக் குளத்தொடர் என்று சொல்லலாம். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இதை ஒரே அமைப்பாகப் பார்க்கவேண்டும் என்று வரையறுத்துக் காட்டினார். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2017இல் இலங்கையின் இந்தக் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. எங்கள் பாட்டன்மார் பட்டம் வாங்காமல் கட்டியது.

அவர்கள் கட்டையும், வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகான துருசையும் மட்டும் அமைத்துவிட்டுப் போகவில்லை. குளத்தின் மேல்பக்கத்தில், நீர் ஏறி இறங்கும் ஓரத்தை அலைகரை என்கிறோம். அதை ஒட்டி மருது, நாவல் போன்ற மரங்கள் நிற்க விட்டார்கள். கோடையில் சோளகக் காற்று வீசும்போது திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாகிப் போகலாம். மாதத்துக்கு அரை அடி! ஆழமில்லாத எங்கள் குளங்களுக்கு அது பெரிய இழப்பு. அந்த மரவரிசை காற்றை மறித்து இழப்பைக் குறைக்கும்.

மரவரிசைக்கு இடையில் ஓடை இறங்கும் இடத்தில் கோரையும் புல்லும். கள்ளை வடிக்கப் பன்னாடை பிடிப்பது போல, வரும் வெள்ளத்தை இந்தப் புல் வடித்து, மண்ணை மேலேயே நிறுத்திவிடும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் கூட ஒரு துண்டு நிலத்தை மரமும் பற்றையுமாக விட்டிருந்தார்கள், கட்டால் கசியும் நீரின் உப்பு வயலில் ஏறாமல் இருக்க.

மறுபடி ஒருமுறை: கட்டு, குளத்தின் கடைசி ஓரம். மேலே உள்ள காடு, ஓடை, புல், மரவரிசை எல்லாம் சேர்ந்துதான் குளம். எனவே மேல்பக்கத்தில் கை வைப்பவர் குளத்திலேயே கை வைக்கிறார்.

மேல்பக்கத்தில் நாங்கள் செய்வது

போர் முடிந்து சனம் திரும்பி வந்தபோது வீடு வேண்டும், றோட்டு வேண்டும், பாலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மணலும் கிரவல் எனும் சரளை மண்ணும் வேண்டும். என் வீட்டுச் சுவரிலும் வன்னி ஆற்று மணல் இருக்கிறது. ஆகவே மணல் அள்ளுவதே குற்றம் என்று நான் எழுதப் போவதில்லை. எவ்வளவு, எந்த இடத்தில், எந்த ஆழத்துக்கு என்பதுதான் விஷயம்.

ஆற்று மணலைப் பலர் ஆற்றில் கிடக்கும் குப்பை போல நினைக்கிறார்கள், அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையில் மணல் ஒரு தண்ணீர்த் தாங்கி. மணியும் மணியும் சேரும் இடைவெளிகளைக் கூட்டினால், மணலின் மொத்தக் கனவளவில் மூன்றில் ஒரு பங்கு வரும். 1 கியூப் என்பது 100 கன அடி. அது முழுக்க நனைந்து நின்றால் ஆயிரம் லீட்டருக்குச் சற்றுக் குறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும், வெயில் படாமல், ஆவியாகாமல். மூன்று கியூப் ஏற்றிக்கொண்டு ஒரு டிப்பர் போகும்போது, கிட்டத்தட்ட மூவாயிரம் லீட்டர் நீர் தங்கும் இடமும் அதோடு போகிறது. அந்த இடத்தை நிரப்ப மணல் வரவேண்டும். மேலிருந்து வெள்ளம் கொண்டுவரும் அளவைவிட வேகமாக அள்ளினால் எப்படி வரும்?

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய் பிடிப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையால் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட்டால் மறு முனையிலும் இறங்கும். ஆறும் அதன் கரையில் உள்ள கிணறும் ஏறத்தாழ அப்படி மண்ணுக்குள்ளால் தொடுத்தபடி இருப்பவை. மண்ணிலும் பாறை வெடிப்பிலும் நிறைந்து நிற்கும் நீர்தான் நிலத்தடி நீர். அது ஒரே இடத்தில் கிடக்கும் ஏரி இல்லை, மெல்ல நகர்வது. ஆற்றின் அடித்தளம் நாலடி தாழ்ந்தால், பக்கத்துக் கிணற்று நீர் ஆற்றை நோக்கி வடியத் தொடங்கும். கரையோர மருது மரங்கள் வேர் வெளியே தெரிய நிற்கும், பிறகு ஒருநாள் வெள்ளத்தில் சாயும். கிணறு வற்றியவர் மழையைக் குறை சொல்வார். அவருடைய தண்ணீர் டிப்பரில் போனது அவருக்குத் தெரியாது.

கிரவல் கதையில் இழப்பு வேறு விதம். கிரவல் கிடைப்பது மேட்டு நிலங்களில், அதாவது தறப்பாளின் ஓரங்களில். மேல் மண்ணையும் மரத்தையும் வழித்து ஒதுக்கிவிட்டுத்தான் கீழே தோண்டுவார்கள். வேலை முடிந்ததும் இயந்திரம் போய்விடும், குழி அப்படியே கிடக்கும். ஒதுக்கிய மண் கும்பியாக ஓரத்தில் கிடந்து, முதல் மாரியிலேயே கரைந்து ஓடைக்கு வரும். மேல்பக்கத்தில் கிரவல் வெட்டிய ஒரு சிறு குளத்தை நான் ஐப்பசியில் பார்த்தேன். ஒரு ஓடை தெளிந்த கறுப்பாக வந்தது, காட்டுச் சருகு ஊறிய நிறம். மற்ற ஓடை பால் தேத்தண்ணி நிறம். இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சத் தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பிறகு எல்லாம் பால் தேத்தண்ணி ஆகிவிட்டது. வெள்ளத்தோடு வந்து குளத்தின் அடியில் தங்கும் இந்த மண்ணை அடையல் என்கிறோம். குழிகளில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுவதும், பிள்ளைகள் குளிக்க இறங்கி ஆபத்தில் மாட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

அலைகரையில் பயிர் செய்வதும் உண்டு. நீர் வற்ற வற்ற நல்ல ஈர நிலம் வெளிப்படும். சொந்தக் காணி இல்லாத ஒருவர் அங்கே உழுந்தோ பயறோ போட்டால் அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் உழவு இயந்திரம் இறங்கினால் பன்னாடை கிழிந்துவிடும். கோடையில் காட்டுக்குத் தீ வைப்பதும் இதே கணக்குத்தான், மரம் தப்பினாலும் சருகு மெத்தை போய்விடுகிறது.

தேக்கந்தோட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூரத்தில் பார்த்தால் அது காடு போலவே பச்சையாக இருக்கும். ஆனால் தேக்கின் பெரிய இலையில் துளிகள் ஒன்றாய்ச் சேர்ந்து, கனத்த துளியாகக் கீழே விழும். அடியில் பற்றையும் சருகும் இல்லாவிட்டால் அந்தத் துளி மண்ணைத் தோண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் கிடுகுக் கூரை இல்லை.

தூர்வாரினால் போதாதா?

தேத்தண்ணிக் கடையின் இரண்டாவது பேச்சுக்கு வருவோம். தூர்வாருவது தேவையான வேலைதான். ஆனால் "ஆழமாக்கினால் நிறையத் தண்ணீர் நிற்கும்" என்பதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது துருசு. குளத்து நீர் வயலுக்குப் போவது துருசின் மட்டத்துக்கு மேலே இருக்கும் வரைதான். துருசுக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்த நீர் வாய்க்காலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், பக்கத்துக் கிணறுகளுக்கும் கொஞ்சம் உதவும், நல்லது. ஆனால் சிறுபோகம் கூடுதலாகச் செய்யலாம் என்று எண்ணித் தோண்டினால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் படை. மண்பானையின் உள்பூச்சுப் போல அதுதான் நீரைக் கீழே போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கனரக இயந்திரம் அளவு தெரியாமல் தோண்டினால் அந்தப் படை உடைந்து, நீர் நிற்கவேண்டிய குளத்தில் நீர் நில்லாமல் போகலாம். புதிதாக வந்த அடையலை மட்டும், பெரும்பாலும் மேல்பக்கத்து ஓடை வாயில் குவிந்திருப்பதை, அளவாக எடுக்கவேண்டும். அந்த மண் வயலுக்கும் நல்ல பசளை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், மேலே கிரவல் குழியும் வெட்டிய காடும் அப்படியே இருந்தால்? வீட்டு ஓட்டை மாற்றாமல், ஒழுகும் தண்ணீரை வாளியில் ஏந்தி ஊற்றிக்கொண்டிருப்பது போலத்தான்.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளக்கட்டு மரம் நடும் இடம் இல்லை. வேர் கட்டுக்குள் வழி போடும், மரம் பட்டால் வேர் உக்கி அந்த வழியால் நீர் கசியும், கட்டு பலமிழக்கும். கட்டுக்குப் புல் போதும். மரம் வேண்டியது மேல்பக்கத்தில். அங்கேயும் பல இடங்களில் நடவே தேவையில்லை. தீயும் கட்டாக்காலி மாடும் போகாமல் சில வருடம் காத்தாலே, வெட்டிய அடிக்கட்டைகளும் மண்ணில் கிடக்கும் விதைகளும் தாங்களாகக் கிளம்பும். படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. பாலை மிக மெதுவாக வளரும், இன்று முளைப்பதன் நிழலில் எங்கள் பேரப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். நிற்கிற பாலையை விடுவதுதான் மலிவான வழி.

காப்பது என்றால் யாரிடமிருந்து?

"காட்டைக் காப்போம்" என்று சொன்னால் வன்னியில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுடைய வயலிலும் மேட்டுக்காணியிலும் மரம் வளர்ந்து நின்றது. பழைய கிணற்றுக்கட்டு பற்றைக்குள் கிடந்தது. அந்தக் காணிக்குள் காட்டெல்லைக் கல் நட்டிருந்ததைக் கண்டவர்களுக்கு, காடு காப்பது என்றால் தங்களைத் தள்ளிவைப்பது என்றுதான் படும்.

இங்கே நீரேந்து பகுதி என்ற எண்ணம் உதவும் என்று நினைக்கிறேன். பச்சையாக இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை விட்டு, அந்தத் துண்டு நிலம் தறப்பாளில் எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும். குளக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் பாயும் இடத்தில் உள்ள பழைய வயல், முப்பது வருடம் காடாகிக் கிடந்தாலும், குளத்துக்கு நீர் தரும் நிலம் இல்லை. அது உரியவருக்குப் போகலாம். மேல் ஓடையின் கரையில் உள்ள பத்து ஏக்கர் காட்டை யார் கேட்டாலும், எந்தத் திட்டத்துக்குக் கேட்டாலும், கொடுப்பதற்கு முன் பத்துத் தரம் யோசிக்கவேண்டும்.

நிர்வாகத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 80 ஹெக்டேருக்குக் குறைவான வயலுக்கு நீர் தரும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். காடு வனவளத் திணைக்களத்திடம். மணலுக்கும் கிரவலுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். காணி பிரதேச செயலகத்திடம். தண்ணீர் இந்த எல்லா எல்லைகளையும் ஒரே மழையில் கடந்து வருகிறது, கோப்பு மட்டும் ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாக இருக்கிறது. முழுத் தறப்பாளையும் ஒன்றாகப் பார்க்கும் கண் அந்த ஊர் ஆட்களுக்குத்தான் உண்டு. கமக்காரர் அமைப்பு ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் கூடுகிறது. எந்த நெல், எத்தனை ஏக்கர், துருசு எப்போது திறப்பது என்று பேசுகிறது. மேல்பக்கத்து ஓடையின் நிலை பற்றியும் அதே கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

பேசுவதற்கு விஷயம் சேர்ப்பது எப்படி? ஐப்பசியில் முதல் பெருமழை விட்டவுடன், குடையும் கைத்தொலைபேசியும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேராகக் குளத்துக்குப் போங்கள். கட்டில் நிற்காமல் அலைகரையைச் சுற்றி, நீர் உள்ளே வரும் ஓடை வாய்க்குப் போங்கள். பாம்பு பார்த்து, யானைத் தடம் பார்த்து நடவுங்கள், தனியாகப் போகவேண்டாம். ஓடை கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டு கிளையின் நிறத்தையும் பாருங்கள், படம் எடுங்கள். கறுத்துத் தெளிந்து வருவதை விட்டுவிட்டு, கலங்கி வரும் கிளையைப் பிடித்து மேலே ஏறுங்கள். அடுத்த கிளையிலும் அப்படியே. ஒரு மணித்தியாலமோ இரண்டோ நடந்தால், தெளிந்த நீர் பால் தேத்தண்ணியாக மாறும் இடத்துக்கு வந்து சேர்வீர்கள். அது ஒரு கிரவல் குழியாக இருக்கலாம், புதிதாகப் போட்ட பாதையாக இருக்கலாம், போன கோடையில் எரிந்த ஒரு துண்டுக் காடாகவும் இருக்கலாம். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.